பவர் வால்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதபோது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) அம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பாட்டுக் கேட்கிற ஹைஃபை செட்டுக்கும் கிற்றார் அம்ப்புக்கும் பெரும்பாலானவை பொதுவானவை. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: புது வால்வுக்குக் காசு கட்டுமுன், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வுகள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு அளந்து பாருங்கள். குறை வால்விலா, வால்வு இருக்கிற இடத்திலா என்று தெரியாமல் வாங்கும் ஜோடி, பழைய ஜோடி போன வழியிலேயே போகும்.

ஒரு வால்வு 38 மில்லிஅம்பியர் காட்டுகிறது, பக்கத்து வால்வு 29. இது பிழையா?

பிழை என்று உடனே சொல்லிவிட முடியாது. ஆனால் தேடிப் பார்க்க வேண்டிய வித்தியாசம்தான். "மாட்ச்" செய்த (அளந்து ஒத்தவையாகச் சேர்த்த) புது ஜோடியிலேயே 2, 3 மில்லிஅம்பியர் வித்தியாசம் வரும். சாதாரண தகட்டு அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமர் 5 வரைக்கும் முறைப்பாடு இல்லாமல் தாங்கும். வட்ட வடிவ டொரொய்டல் ட்ரான்ஸ்ஃபோமர் அப்படியல்ல. அதன் உள்ளகத்தில் இடைவெளி இல்லாததால் சிறிய நேர்மின்னோட்டமே அதைக் காந்தமாக்கிவிடும். அங்கே 2-க்குள் வைத்திருப்பது நல்லது.

வால்வுகள் இரண்டும் மாறி மாறி இழுக்கும் புஷ்-புல் சுற்றில் இரண்டின் ஓய்வு மின்னோட்டமும் (பாட்டு இல்லாதபோது இழுப்பது) ட்ரான்ஸ்ஃபோமரின் முதற்சுருளில் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. சமமாக இருந்தால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும். சமமில்லாவிட்டால் மிச்சம் நிற்கிறது. பாஸ் ஒலி முதலில் கலங்கும். சப்ளையில் இருக்கிற 100 ஹேர்ட்ஸ் சிற்றலை இதுவரை இரண்டு பக்கமும் ஒன்றையொன்று வெட்டி மறைந்திருந்தது. இப்போது அது ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று கேட்கும். வொலியூமைச் சுத்தமாகக் குறைத்த பின்னும் அந்த இரைச்சல் அப்படியே இருந்தால் சந்தேகம் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

கிற்றார்காரர் சிலருக்குச் சற்று ஒவ்வாத ஜோடியின் சத்தம்தான் பிடிக்கும். அது ரசனை. அதே வித்தியாசம் மாதாமாதம் வளருமானால் அது ரசனையல்ல, வருத்தம்.

எது கூடிற்று, எது குறைந்தது என்பது முக்கியமா?

மிக முக்கியம். முதுமை இரண்டு திசையில் வரும்.

ஒன்று, களைப்பு. கதோட்டின் மேல் பூசியிருக்கும் பேரியம், ஸ்ட்ரோன்ஷியம் ஒக்சைட்டுப் படலம் இலத்திரனைக் கொடுத்துக் கொடுத்து வலு இழக்கிறது. மின்னோட்டம் மெல்ல மெல்ல இறங்கும், சத்தம் சோரும். ஆபத்தில்லை.

மற்றது, கட்டுப்பாடு தப்புவது. கதோட்டிலிருந்து ஆவியாகும் பேரியம், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிச்சுருளான கிரிட்டில் படிகிறது. கிரிட் சூடானதும் தானே இலத்திரனை வெளிவிடத் தொடங்குகிறது. அல்லது உள்ளே வாயு மிச்சம் இருக்கிறது. இரண்டிலும் கிரிட் ரெசிஸ்டர் வழியாகப் பிழையான திசையில் மின்னோட்டம் ஓடி, எதிர் பயஸை, அதாவது வால்வை அடக்கி வைக்கக் கிரிட்டுக்குக் கொடுக்கும் எதிர் வோல்டேஜை, குறைத்துவிடும். வால்வு கூடுதலாக இழுக்கும், இழுக்க இழுக்கச் சூடாகும், சூடாகச் சூடாக இன்னும் இழுக்கும். போட்டவுடன் 36, பத்து நிமிடத்தில் 40, அரை மணியில் 47 என்று நிற்காமல் ஏறும் வால்வை அன்றைக்கே கழற்றிவிட வேண்டும். 38-இல் இருந்து 29-க்கு இறங்கியதை அடுத்த மாதமும் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றாக வாங்கிய ஜோடி ஏன் ஒன்றாக மூப்படைவதில்லை?

"மாட்ச்" என்பது அளந்த நாளுக்கு, அளந்த வோல்டேஜுக்கு மட்டும் உரிய செய்தி. பூச்சின் தடிப்பும் கிரிட் கம்பியின் இடைவெளியும் உள்ளே மிஞ்சிய வாயுவும் வால்வுக்கு வால்வு வேறு. அதன்மேல் இடமும் சேர்கிறது. பவர் ட்ரான்ஸ்ஃபோமருக்கு ஒட்டினாற்போல் நிற்கும் வால்வும் ஓரத்தில் காற்றுப் படும் வால்வும் ஒரே வெக்கையில் வேலை செய்வதில்லை. நம் வீடுகளில் அம்ப்பை ஷோகேசுக்குள் வைத்துக் கண்ணாடியையும் சாத்திவிடுவார்கள். 30 பாகை அறையில் அது அடுப்பு. மேலே ஆகக் குறைந்தது 15 சென்றிமீற்றர் திறந்த வெளி வேண்டும், பின்பக்கமும் மூடியிருக்கக் கூடாது.

இலங்கை வானொலி கேட்ட காலத்து வீட்டு ரேடியோக்களில் பெரும்பாலும் அவுட்புட் வால்வு ஒன்றே ஒன்றுதான். அதனால்தான் பழைய ரேடியோ திருத்திக் கைதேர்ந்தவர்களுக்கும் ஜோடிப் பிரச்சினை சில நேரம் புதிதாக இருக்கும்.

அளப்பதற்கு என்னென்ன வேண்டும்?

1000 வோல்ட் நேர்மின் அளக்கக்கூடிய மல்டிமீற்றர் இரண்டு (ஒன்று சுவர் மின்சாரத்துக்கு), கவ்வும் கிளிப் வயர், 10 கிலோஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று, மாஸ்க்கிங் டேப், பேனை. உங்கள் அம்ப்பில் அளக்கும் புள்ளி இல்லாவிட்டால் வால்வுக்கும் சொக்கட்டுக்கும் இடையில் செருகும் பயஸ் ப்ரோப் ஒரு ஜோடி.

உள்ளே 400 முதல் 500 வோல்ட் இருக்கும். சுவிட்சை நிப்பாட்டிப் பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிட்டர்களில் அது நிற்கும். 10 கிலோஓம் ரெசிஸ்டரின் ஒரு நுனியைச் சேசியில் (அம்ப்பின் உலோகச் சட்டத்தில்) கவ்வி, மற்ற நுனியைக் காப்பிட்ட இடுக்கியால் பிடித்துப் பிரதான கப்பாசிட்டரின் நேர்முனையில் 20 விநாடி வையுங்கள். பிறகு மீற்றரால் பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே வந்தால்தான் கை உள்ளே போகலாம். மின்சாரம் ஓடும்போது அளப்பதென்றால் ஒரு கை சட்டைப்பைக்குள் இருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும். ஸ்குரூட்ரைவரால் "டப்" என்று ஷோர்ட் பண்ணும் பழக்கத்தைக் கைவிடுங்கள். கப்பாசிட்டரும் கெடும், கண்ணும் கெடும்.

எப்படி அளப்பது? எண்களோடு சொல்லுங்கள்.

இஎல்34 வகைப் பவர் வால்வு ஜோடி உள்ள, பயஸ் திருகி வைக்கும் வகை அம்ப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்பீக்கர் பொருத்தியிருக்க வேண்டும், அதில் விதிவிலக்கு இல்லை. வொலியூம் பூச்சியம்.

பத்து நிமிடம் சூடாக விடுங்கள். கதோட்டுக்கும் நிலத்துக்கும் (சேசிக்கும்) இடையில் 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் அதன் குறுக்கே எத்தனை மில்லிவோல்ட்டோ அத்தனை மில்லிஅம்பியர். இஎல்34, 6எல்6, கேடி88 மூன்றிலும் கதோட் 8-ஆம் கால், பயஸ் வரும் கிரிட் 5-ஆம் கால், ப்ளேட் (இலத்திரன் போய்ச் சேரும் தகடு) 3-ஆம் கால். இஎல்84-இல் கதோட் 3, கிரிட் 2, ப்ளேட் 7.

அடுத்து ப்ளேட் வோல்டேஜ். 440 வந்தது என்று வைப்போம். இஎல்34-இன் ப்ளேட் தாங்கக்கூடிய உச்சம் 25 வாட். ஓய்வில் அதன் 70 சதவீதம், அதாவது 17.5 வாட், என்பது வழமையான மேல் எல்லை. 17.5-ஐ 440-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 40 மில்லிஅம்பியர். கதோட்டில் நீங்கள் அளப்பதில் ஸ்கிரீன் (ப்ளேட்டுக்கு முன்னால் இருக்கும் இரண்டாவது கிரிட்) இழுக்கும் 5 மில்லிஅம்பியரும் சேர்ந்தே இருக்கிறது. ஆகவே மீற்றரில் 45 வரை சட்டப்படி சரி. வீட்டில் கேட்பதற்கு 35 முதல் 38 போதும். அதற்கு மேல் கூட்டினால் காது அறிவதைவிட வால்வு அறிவதுதான் அதிகம்.

இரண்டு பயஸ் திருகி இருந்தால் ஒன்றைக் கொஞ்சம், மற்றதைக் கொஞ்சம் என்று மாறி மாறித் திருப்புங்கள். ஒன்றைக் கூட்டினால் சப்ளை இறங்கி மற்றதும் அசையும். அரை மணி கழித்து மீண்டும் ஒருமுறை.

சுவர் வோல்டேஜையும் அதே நேரம் குறித்து வையுங்கள். நமக்குப் பெயரளவில் 230 வோல்ட், ஆனால் அது மேலும் கீழும் அசையும். எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் நேரத்தில் இறங்கியிருக்கும் லைன், ஊர் அடங்கிய பிறகு ஏறும். இறங்கிய நேரத்தில் 45-க்குத் திருகி வைத்துவிட்டு நடுச்சாமத்தில் பாட்டுப் போட்டால் அது 45 ஆக இருக்காது. உங்கள் வீட்டில் ஆகக்கூடிய வோல்டேஜ் வரும் நேரத்தைக் கண்டுபிடித்து அப்போது செட் பண்ணுங்கள்.

இடம் மாற்றிப் பார்க்கும் சோதனையை எப்படிச் செய்வது?

டேப்பில் "அ", "ஆ" என்று எழுதி வால்வின் அடிப்பாகத்தில் ஒட்டுங்கள், கண்ணாடியில் அல்ல. சொக்கட்டுகளுக்கு 1, 2. அளவை எழுதுங்கள்: அ-1: 38, ஆ-2: 29. நிப்பாட்டி, ஆறவிட்டு, மாற்றிச் செருகி, பயஸ் திருகியைத் தொடாமல், முன்போலவே சூடாக்கி அளவுங்கள்.

அ-2: 38, ஆ-1: 29 என்றால் வித்தியாசம் வால்வோடு போயிருக்கிறது. குறை வால்வில்.

அ-2: 30, ஆ-1: 37 என்றால் வித்தியாசம் சொக்கட்டோடு நின்றிருக்கிறது. வால்வுகள் இரண்டும் நல்லவை, புதிதாக வாங்கினால் காசு வீண்.

இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வந்தால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். முதலில் சொக்கட் பக்கத்தைச் சரிசெய்யுங்கள்.

நான்கு வால்வு உள்ள அம்ப்பில் நான்கும் சேர்ந்து மேலே ஏறியிருந்தால் இந்தச் சோதனை தேவையே இல்லை. பயஸ் சப்ளையில் இருக்கும் சிறிய எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் காய்ந்திருக்கும். அதன் எதிர் வோல்டேஜ் இறங்க, எல்லா வால்வும் ஒருமிக்கச் சூடாகும். முப்பது வருடப் பழைய அம்ப்பில் அதை அளக்காமலே மாற்றிவிடலாம். 100 வோல்ட் தாங்கும் கப்பாசிட்டருக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருப் பக்கம் ஒரு நடை போதும். நேர்முனை நிலத்துக்கு வர வேண்டும் என்பதை மறந்து தலைகீழாய்ப் பொருத்தினால் வெடிக்கும்.

குறை சொக்கட்டோடு நிற்கிறது. எங்கே தேடுவது?

முதல் சந்தேகம் கப்ளிங் கப்பாசிட்டர். முன் நிலையின் 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னைத் தடுத்து, சிக்னலை மட்டும் கிரிட்டுக்கு விடுவது இதன் வேலை. அது கசிந்தால் கிரிட்டின் எதிர் பயஸைக் கடித்துத் தின்னும். பவர் வால்வுகளைக் கழற்றிவிட்டு, அம்ப்பைப் போட்டு, சிறிய வால்வுகள் சூடானதும் இரண்டு சொக்கட்டிலும் 5-ஆம் காலை அளவுங்கள். பாரம் இல்லாததால் சப்ளை வோல்டேஜ் ஏறும். உங்கள் கப்பாசிட்டர்களில் அச்சிட்டிருக்கும் எல்லையை அது தாண்டாமல் பாருங்கள், சோதனையை ஓரிரு நிமிடத்தில் முடியுங்கள்.

ஒன்றில் மைனஸ் 40, மற்றதில் மைனஸ் 31 வந்தால் அந்த 9 வோல்ட்டுக்கு அர்த்தம் இது: 220 கிலோஓம் கிரிட் ரெசிஸ்டர் வழியாக 41 மைக்ரோஅம்பியர் கசிகிறது. கப்பாசிட்டரின் குறுக்கே ஏறத்தாழ 250 வோல்ட் நிற்கிறது என்றால் அதன் காப்புத்தடை 6 மெகாஓம்தான். நல்ல ஃபிலிம் கப்பாசிட்டரில் இது ஆயிரக்கணக்கான மெகாஓம் இருக்க வேண்டும். சாதாரண ஓம் மீற்றரால் இதைப் பிடிக்க முடியாது. அதன் பற்றரி கொடுக்கும் சில வோல்ட்டில் கசிவு வெளிப்படாது. அதே அளவில், பெரும்பாலும் 0.1 மைக்ரோஃபரட், 630 வோல்ட் பொலிப்ரொப்பிலீன் இரண்டு வாங்கி இரண்டு பக்கமும் மாற்றுங்கள்.

இரண்டாவது, சொக்கட். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கல்கிசைக் கரையோர வீடுகளில் இதை முதலாவது என்றே சொல்லலாம். உப்புக் காற்று கவ்விகளுக்குள் மங்கிய பச்சைப் பொருக்காகப் படிகிறது. 8-ஆம் காலில் தொடுகை கெட்டால் மின்னோட்டம் குறையும், விட்டு விட்டு வரும். 5-ஆம் காலில் கெட்டால் நிலைமை வேறு: கிரிட்டுக்குப் பயஸே போகாது, கட்டவிழ்ந்த மாடு மாதிரி வால்வு ஓடும். ஐசோப்ரொப்பைல் அல்ககோல் நனைத்த பல்லிடைத் தூரிகையால் ஒவ்வொரு துவாரத்தையும் தேய்த்து, காயவிட்டு, தளர்ந்த கவ்வியைக் கனத்த ஊசியால் உள்நோக்கி ஒரு சிட்டிகை நெருக்குங்கள். வால்வின் கால்களையும் துடையுங்கள். எண்ணெய்ப் பதமான ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். 400 வோல்ட் நிற்கும் 3-ஆம் காலுக்குப் பக்கத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் கரிக்கோடு விழும், அதன் வழியே பொறி பாயும். கரிக்கோடு விழுந்த சொக்கட்டைச் சுத்தம் செய்ய முடியாது, மாற்ற வேண்டும்.

மூன்றாவது, ரெசிஸ்டர்கள். ஸ்கிரீன் ரெசிஸ்டர் (470 ஓம் அல்லது 1 கிலோஓம், 5 வாட்) அறுந்தால் அந்த வால்வு ஏறத்தாழப் பூச்சியம் காட்டும். கிரிட் ரெசிஸ்டர் அறுந்தால் வால்வின் ப்ளேட் சிவக்கும். அளக்கும் 1 ஓம் ரெசிஸ்டரே ஒருமுறை கருகி 1.4 ஓம் ஆகியிருந்தால் 30 மில்லிஅம்பியர் 42 என்று பொய் சொல்லும். அதனால் நிப்பாட்டிய நிலையில் அதையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயஸ் திருகியின் தேய்ந்த தடமும் உண்டு. திருப்பும்போது எண் துள்ளினால் மாற்றுங்கள்.

வால்வின் ப்ளேட் சிவக்கிறது. என்ன செய்வது?

உடனே நிப்பாட்டுங்கள். எது, ஏன் என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். உள்ளே கதோட் பக்கம் தெரியும் செம்மஞ்சள் வெளிச்சம் இயல்பு. சாம்பல் நிறத் தகட்டின் நடுவில், மடிப்பை ஒட்டி, மங்கிய சிவப்புத் திட்டு ஒன்று தோன்றிப் பரவுவதுதான் ஆபத்து. இருட்டறையில்தான் முதலில் தெரியும். நிமிடக் கணக்கில் விட்டால் வால்வு மட்டுமல்ல, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமரும் போகும். வால்வுக்கு விலை உண்டு. பழைய ட்ரான்ஸ்ஃபோமருக்குப் பதில் கிடைப்பதே அரிது.

ஆறியதும் கிரிட் பயஸ், சொக்கட்டின் 5-ஆம் கால், கப்ளிங் கப்பாசிட்டர் என்ற ஒழுங்கில் பாருங்கள். மூன்றும் சரியென்றால் வால்வு. ஃப்யூஸ் எரிந்திருந்தால் அதே அளவு ஃப்யூஸையே போடுங்கள். "கொஞ்சம் பெரிது போட்டால் நிற்கும்" என்பது ட்ரான்ஸ்ஃபோமரை ஃப்யூஸாக்கும் வேலை.

உள்ளே நீல வெளிச்சம் தெரிகிறதே?

கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒட்டினாற்போல், பாட்டோடு அசையும் நீலம் தீங்கற்றது. ப்ளேட்டுக்கு உள்ளே, உறுப்புகளுக்கு நடுவில் ஊதாவோ இளஞ்சிவப்போ புகைபோல் நின்றால் வாயு. கழற்றுங்கள்.

என் அம்ப்பில் இரண்டு வால்வுக்கும் ஒரே திருகிதான் இருக்கிறது.

1959-இல் வந்த டைனாகோ எஸ்டி-70 அம்ப் இப்படித்தான். இரண்டு இஎல்34-க்கும் பொதுவாக 15.6 ஓம் ரெசிஸ்டர், அதில் 1.56 வோல்ட் வரும்படி திருக வேண்டும். அதாவது இரண்டும் சேர்ந்து 100 மில்லிஅம்பியர். ஒன்று 68, மற்றது 32 என்றாலும் மீற்றர் 1.56 என்றே காட்டும், நீங்களும் திருப்தியோடு மூடிவிடுவீர்கள். ஒவ்வொரு கதோட்டுக்கும் தனித்தனி 10 ஓம் 1 சதவீத ரெசிஸ்டர் போட்டால் உண்மை தெரியும்.

கதோட் பயஸ் அம்ப்புக்கு (கதோட் ரெசிஸ்டரே பயஸைத் தரும் வகை) திருகியே இல்லை. அதற்கும் இது பொருந்துமா?

பொருந்தும். தனித்தனிக் கதோட் ரெசிஸ்டர் இருந்தால் வால்வு தன்னைத் தானே ஓரளவு அடக்கிக்கொள்ளும். பொது ரெசிஸ்டர் என்றால் அந்தப் பாதுகாப்புப் பாதிதான். 1953-இன் குவாட் 2-இல் இரண்டு கேடி66-க்கு ஒரே 180 ஓம். வொக்ஸ் ஏசி30-இல் நான்கு இஎல்84-க்கு ஒரே 50 ஓம். நான்கில் ஒன்று செத்தால் பொது ரெசிஸ்டரில் வோல்டேஜ் இறங்கும், மற்ற மூன்றுக்கும் பயஸ் தளரும், ஏற்கெனவே 12 வாட் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தவை அதைத் தாண்டும். ஒன்று போனதும் மற்றவை வரிசையாகப் போவதன் காரணம் இதுதான்.

ஜப்பான் 100 வோல்ட் செட், சீன 220 வோல்ட் செட்: கொழும்பு மின்சாரத்தில் வால்வு சீக்கிரம் போகுமா?

220-க்குச் சுற்றிய ட்ரான்ஸ்ஃபோமரில் 240 ஏறினால் கதோட்டைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டர் 6.87 ஆகும். 10 சதவீத எல்லை 6.93. விளிம்பில் நிற்கிறீர்கள். பின்பக்கம் 240 தெரிவு இருந்தால் அதற்கு மாற்றுங்கள். ஜப்பான் செட்டுக்கு வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் பெட்டி வாங்கும்போது அட்டையை நம்பாமல், பாரத்தோடு 100 வோல்ட்தான் வருகிறதா என்று அளவுங்கள். 110 கொடுக்கும் பெட்டி நிறைய உண்டு, அதில் ஹீட்டர் நேராக 6.93-க்குப் போய்விடும்.

மார்ச்-ஏப்ரல், ஒக்டோபர்-நவம்பர் இடிமின்னல் காலத்தில் பிளக்கைக் கழற்றிவிடுவது தவிர வேறு நல்ல பாதுகாப்பு இல்லை.

இஎல்34 இடத்தில் 6550 வகை வால்வு போடலாமா?

சும்மா செருக வேண்டாம். திருகி வைக்கும் பயஸில் 6550-க்குக் கிரிட் ரெசிஸ்டர் 50 கிலோஓமைத் தாண்டக் கூடாது. இஎல்34 அம்ப்பில் இருப்பது பெரும்பாலும் 220. முன்னே சொன்ன "ஏறிக்கொண்டே போகும்" நோய்க்கு அது நேர் வழி.

ஒன்று போனால் ஒன்று மட்டும் வாங்கலாமா?

தனித்தனித் திருகி இருந்தால் வாங்கலாம், ஓய்வு மின்னோட்டத்தைச் சமப்படுத்திவிடலாம். பொதுத் திருகி என்றால் ஜோடி. வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கும்போது அனுப்புகூலியும் சுங்கமும் வால்வின் விலைக்கு நெருங்கிவிடுவதால், இரண்டு தேவைப்படுபவர் மாட்ச் செய்த நான்கை ஒரே பொதியில் எடுப்பதுதான் கணக்குக்குச் சரிவரும். எந்த ப்ளேட் வோல்டேஜில் மாட்ச் செய்தார்கள் என்று கேளுங்கள். 250 வோல்ட்டில் ஒத்துப்போனவை உங்கள் 440-இல் பிரியக்கூடும். வந்ததும் அளந்து, 20 மணி ஓடிய பின் மீண்டும் அளந்து, உதிரி ஜோடியையும் அதே நாளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பெட்டியிலேயே செத்து வந்த வால்வை ஒரு வருடம் கழித்துக் கண்டுபிடித்தால் யாரிடம் கேட்பது?

எவ்வளவு காலம் வரும்?

கணக்கிட எளிதாக 2000 மணி என்று வையுங்கள்: நாளுக்கு மூன்று மணி என்றால் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. மிதமாகப் பயஸ் வைத்தால் அதைத் தாண்டியும் ஓடும், உச்சத்தில் வைத்து வாசிக்கும் கிற்றார் அம்ப்பில் பாதியும் வராது. நாட்கணக்கைவிடக் குறிப்பேடு நம்பகமானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திகதி, சுவர் வோல்டேஜ், ஒவ்வொரு வால்வின் மில்லிஅம்பியர்: ஒரு வரி போதும். அதே பயஸில் முதல் நாள் அளவைவிட மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தால் மாற்றத் தயாராகுங்கள்.

கழற்றிய வால்வுகளை எறிந்துவிடலாமா?

களைத்துப்போனவற்றை எறியாதீர்கள். கடைசி அளவை டேப்பில் எழுதி வையுங்கள். 29 காட்டிய இரண்டு வெவ்வேறு பழைய வால்வுகள் சேர்ந்து ஒழுங்கான உதிரி ஜோடியாகும், சுற்றைச் சோதிக்கவும் உதவும். சிவந்ததையும், நிற்காமல் ஏறியதையும், கண்ணாடியின் வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்ததையும் (காற்று உள்ளே போய்விட்டது) வைத்திருக்க வேண்டாம். எறியுமுன் ஒரு காலை வளைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் அவசரத்தில் அதுவே கையில் வரும்.